குளிர் ஓவர்கிளொக்கில் மதர்போர்ட் நனைந்தால்: அறிகுறியை வைத்துப் பிழை பிடிக்கும் வழி

மேசையில் போர்ட் ஒன்று நனைந்து கிடக்கும் நேரத்தில் இதைத் திறந்திருந்தால், மேற்கொண்டு வாசிக்க முதல் சுவர் சுவிட்சை அணையுங்கள். பவர் பட்டனை அமர்த்தி நிறுத்தினால் போதாது. பவர் சப்ளை சுவரோடு இணைந்திருக்கும் வரை 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் போர்ட்டுக்குள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஈரத்தோடு அது சேர்ந்தால் செம்புக் கோடுகளை வெகு சீக்கிரம் அரித்துவிடும். அடுத்து, காசளவில் இருக்கும் அந்த வட்டப் பட்டரியையும் கழற்றுங்கள். 3 வோல்ட்தான் என்றாலும் அதுவும் அதே வேலையைச் செய்யும். சரி, இனி ஆறுதலாக வாசிக்கலாம்.

கணினிச் சிப்பின்மேல் உலோகக் கிண்ணம் ஒன்றைப் பூட்டி, அதற்குள் திரவ நைட்ரஜனோ உலர் பனிக்கட்டியோ போட்டுக் குளிர்த்தி, சிப்பை அதற்குரிய வேகத்தைத் தாண்டி ஓட்டுவதுதான் குளிர் ஓவர்கிளொக். திருகோணமலையில் இந்த வேலை ஏன் இவ்வளவு சிரமம் என்பதைக் கணக்காகவே பார்த்துவிடுவோம். வெப்பம் 30 பாகை, ஈரப்பதன் 80 சதவீதம் என்று இருக்கும் சாதாரண மாலையில் பனிபடுநிலை 26 பாகை. 26 பாகைக்குக் கீழே இறங்கும் எந்தப் பரப்பும் நனையும் என்று அர்த்தம். அதற்குத் திரவ நைட்ரஜன் தேவையில்லை, ஐஸ் தண்ணீர் ஓடும் குழாயே போதும். நீளம், அகலம், உயரம் எல்லாம் பத்தடி உள்ள அறையின் காற்றில் அந்த நேரம் கிட்டத்தட்ட 700 கிராம் தண்ணீர் ஆவியாக நிற்கிறது. ஜன்னல் திறந்திருந்தால் அந்தக் கணக்குக்கும் முடிவில்லை.

ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது உடுப்பு உடனே காயும், உதடு வெடிக்கும். காற்று காய்ந்துவிட்டது என்று நம்பி அந்த நாட்களில் இறங்குபவர்கள் உண்டு. நம்ப வேண்டாம். 35 பாகையில் ஈரப்பதன் 55 சதவீதம் என்றாலும் பனிபடுநிலை 24 பாகைக்கு மேலேதான் நிற்கும். எங்கள் தோலுக்குத் தெரியும் வித்தியாசம் போர்ட்டுக்குத் தெரியாது. குளிர்நாட்டு வழிகாட்டிகள் சிலவற்றில், சிப் அமரும் சொக்கெட்டைச் சுற்றி நாலு டிசுத் தாளை வைத்துவிட்டு ஓட்டுவதைக் காண்கிறோம். ஹீட்டர் ஓடும் 20 பாகை அறையில், 30 சதவீத ஈரப்பதனில், பனிபடுநிலை 2 பாகைதான். அவர்களுக்கு அது சரிவரும். உவர்மலையிலோ உப்புவெளியிலோ சரிவராது. ஏசி போட்டு 24 பாகைக்கும் 50 சதவீதத்துக்கும் கொண்டுவந்தால் எங்களுக்குக் கிடைப்பது 13 பாகை. நல்ல முன்னேற்றம், ஆனால் திரவ நைட்ரஜனின் மைனஸ் 196 பாகைக்கு முன்னால் அது பெரிய தொகை இல்லை.

என் கணிப்பில் இங்கே காப்புக்கு ஒரே ஒரு வேலை: குளிர்ந்த உலோகத்தைக் காற்று தொட விடாமல் பார்ப்பது. காற்று போகாத இடத்தில் தண்ணீர் உருவாகாது. கீழே வரும் அறிகுறிகளில் பெரும்பாலானவை எங்கோ ஓர் இடைவெளி இருப்பதைச் சொல்பவை. அந்த இடைவெளியைக் கண்டுபிடிக்க, அறிகுறி எப்போது வந்தது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். குளிர் இறங்கும்போது வந்ததா, குளிரில் நின்று ஓடும்போது வந்ததா, உருகும்போது வந்ததா? மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

குளிர் இறங்கும்போதே நின்றுவிடுகிறது

பெரும்பாலும் இது தண்ணீர் இல்லை. தண்ணீர் சேர நேரம் வேண்டும். மைனஸ் 110 பாகையில் நிற்கிறது, கிண்ணத்தை மைனஸ் 95க்கு ஏற்றினால் எழும்புகிறது, திரும்ப இறக்கினால் அதே மைனஸ் 110இல் நிற்கிறது என்றால் அது சிப்பின் குளிர் வரம்பு. கோல்ட் பக் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். சிப்புக்குச் சிப்பு இது மாறும். ஏஎம்டியின் எஃப்எக்ஸ் வரிசைக்கு அப்படி ஒரு வரம்பு இல்லையென்றே சொல்லலாம். 2014இல் எஃப்எக்ஸ் 8370 ஒன்று திரவ நைட்ரஜனில் 8.7 கிகாஹேர்ட்ஸைத் தாண்டியது. இன்டெலின் சாண்டி பிரிட்ஜ் வரிசை நேர் எதிர். ஊற்றும் நைட்ரஜனுக்குக் கிடைக்கும் பலன் மிகக் குறைவு. ஓடிக்கொண்டிருக்கும்போது ஆழமாக இறங்கும், ஆனால் ரீஸ்டார்ட் பண்ணினால் அந்தக் குளிரில் எழும்பாது என்பது இன்னொரு வகை. அதற்கும் கிண்ணத்தைச் சூடாக்கி எழுப்புவதே வழி. இந்த இரண்டில் எதுவென்றாலும் காப்பைப் பிரித்து மேய வேண்டாம்.

நிற்கும் வெப்பநிலை ஒவ்வொரு முறையும் மேலே ஏறிவந்தால், முதலில் மைனஸ் 110, பிறகு மைனஸ் 90, பிறகு மைனஸ் 60 என்று போனால், அப்போது தண்ணீரைச் சந்தேகியுங்கள்.

கிண்ணத்தின் வெப்பமானி மைனஸ் 150 காட்டுகிறது, ஆனால் சுமை ஏற்றியதும் கணினி அணைந்துவிடுகிறது என்றால் சிப்புக்கும் கிண்ணத்துக்கும் இடையிலுள்ள களிம்பு குளிரில் வெடித்து விலகியிருக்கலாம். கழற்றிப் புதிதாகப் பூசுங்கள். கிரையோநாட் போல ஆழ்குளிரைத் தாங்கும் களிம்புதான் வேண்டும். திரவ உலோகத்தை இந்த வேலைக்குக் கொண்டுவரவே வேண்டாம், அது உறைந்துவிடும்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்து, ரேம் ஒரு பக்கம் காணாமல் போகிறது

எங்கள் காற்றில் நான் அதிகம் காணும் அறிகுறி இதுதான். தொடக்கத்தில் எல்லாம் சரி. அரை மணித்தியாலமோ ஒரு மணித்தியாலமோ போனபின் ஒரு ரீஸ்டார்ட், அப்புறம் 16 ஜீபி இருந்த இடத்தில் 8 தெரியும். அல்லது போர்ட்டிலுள்ள சிறு திரையில் 55 என்று நின்றுவிடும். பல போர்ட்களில் அதற்கு ரேம் இல்லை என்று பொருள்.

ரேமைக் கழற்றி, போன் டோர்ச்சைச் சரித்துப் பிடித்துச் சிலொட்டுக்குள் பாருங்கள். நேராகப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. சரித்துப் பிடித்தால் தங்க முலாம் பூசிய தொடுகைகளின் அடியில் ஊசிமுனையளவு நீர்மணிகள் வரிசையாக மினுங்கும், சொக்கெட்டுக்குக் கிட்ட உள்ள சிலொட்டில் அதிகமாகவும் தள்ளிப் போகப் போகக் குறைவாகவும். அப்படியென்றால் சொக்கெட்டிலிருந்து குளிர் போர்ட்டின் செம்புப் படைகள் வழியே பரவி, சிலொட்டைப் பனிபடுநிலைக்குக் கீழே இழுத்திருக்கிறது. கிண்ணத்துக்கும் முதலாவது சிலொட்டுக்கும் இடையில் காப்பு போதவில்லை.

சிலொட் காய்ந்திருக்கிறது, ஆனால் ஒரு பக்க ரேம் இன்னும் இல்லை என்றால் சொக்கெட்டைப் பாருங்கள். ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதி சிப்புக்குள்ளேயே இருப்பதால், சொக்கெட்டின் சில ஊசிகள் நனைந்தாலும் ஒரு சனல், அதாவது ஒரு பக்க ரேம், முழுவதும் மறைந்துவிடும். கிண்ணத்தின் நட்டுகளை ஒரு பக்கம் கூட இறுக்கினாலும் இதே அறிகுறிதான் வரும். இரண்டையும் பிரித்தறியச் சுலபமான வழி, குளிர் போடுவதற்கு முதலே அறை வெப்பத்தில் ஒரு தடவை ஓட்டி முழு ரேமும் தெரிகிறதா என்று பார்த்துவிடுவது. அதைச் செய்யாமல் நைட்ரஜன் ஊற்றினால் பின்னால் எந்தக் காரணமென்று பிடிக்க முடியாது.

சொக்கெட்டுக்குள் ஏன் தண்ணீர் போகிறது? மேலே சிப் மூடியிருக்கிறது, சுற்றிவரக் காப்பு இருக்கிறது. ஆனால் சொக்கெட்டின் நடுவே வெற்றிடம் உண்டு. 30 பாகையிலுள்ள காற்றை மைனஸ் 100க்குக் குளிர்த்தினால் அதன் கன அளவு ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் சுருங்கும். சுருங்கிய இடத்தை நிரப்ப வெளியிலிருந்து ஈரக்காற்று உள்ளே இழுபடும். சூடாக்கினால் காற்று வெளியே போகும், தண்ணீர் உள்ளே தங்கும். திரும்பக் குளிர்த்தினால் இன்னொரு மூச்சு. கிண்ணத்தை ஏற்றி இறக்கி விளையாடும் ஒவ்வொரு முறையும் சொக்கெட் கொஞ்சம் தண்ணீர் குடிக்கிறது. அரை மணித்தியாலம் நன்றாக ஓடியதன் காரணமும் இதுதான்.

ஆகவே வெற்றிடமே இருக்கக்கூடாது. சொக்கெட்டின் நடுக்குழியை வாசலின் அல்லது மின்கடத்தாக் கிரீஸால் நிரப்புங்கள். ஊசிகள் மேலேயும் மெல்லிய படை போனால் பயமில்லை, சிப்பை அமர்த்தும்போது ஊசிமுனை அதை விலக்கிக்கொண்டு தொடுகையை எடுத்துவிடும். ஆனால் விரலால் அப்பாதீர்கள். வளைந்த ஊசியை நிமிர்த்துவது தண்ணீரை உலர்த்துவதை விடப் பெரிய பாடு. மெல்லிய தூரிகை, பொறுமை, நல்ல வெளிச்சம் மூன்றும் வேண்டும். சொக்கெட்டைச் சுற்றியுள்ள கெப்பாசிட்டர்களுக்கு இடையில், ஓவியர்கள் பயன்படுத்தும் பிசையும் அழிறப்பரை அமர்த்தி நிரப்புங்கள். பலகையோடு ஒட்டி நிற்க வேண்டும், அடியில் காற்றுப் பை இருக்கக்கூடாது.

அதற்கு மேலே ரப்பர் நுரைத் தகடு. இதைத் தேடிக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. ஏசி பூட்டுகிறவர்கள் செப்புக் குழாய்க்குச் சுற்றும் அந்தக் கறுப்பு நுரைதான். வாங்கும்போது ஒரு துண்டைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிழிந்து பாருங்கள். தண்ணீர் குடித்தால் அது நுண்துளைகள் திறந்த ஸ்பொஞ்ச், போர்ட்டுக்கு நஞ்சு. குடிக்காமல் மிதந்தால் எடுக்கலாம். கிண்ணத்தின் அளவுக்குச் சற்றுச் சிறிதாகத் துளை வெட்டினால் இறுகிப் பிடிக்கும். அளவாக வெட்டினால் குளிரில் சுருங்கி இடைவெளி விடும்.

டிசுத் தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது காப்பு இல்லை. காப்புக்கு மேலே வைத்தால் எங்கே நனைகிறது என்று காட்டும், அதற்கு மிகவும் உதவும். நனைந்ததும் மாற்றுங்கள். நனைந்த தாளை அப்படியே விட்டால் போர்ட்டின்மேல் ஈரத்துணி போர்த்தியதுதான்.

போர்ட்டின் சிறு திரையில் 00, அல்லது எஃப்எஃப், அசைவே இல்லை

பல போர்ட்களில் சிப்பே வேலை தொடங்கவில்லை என்பதன் அடையாளம் இது. குளிரில் வந்தால் முதலில் கிண்ணத்தைச் சூடாக்கிப் பாருங்கள். அறை வெப்பத்துக்கு வந்தும் மாறவில்லை என்றால் சொக்கெட்டைத் திறக்க வேண்டியதுதான். மேலே சொன்ன நீர்மணிகள் இங்கே ஊசிகளுக்கு நடுவில் இருக்கும். டிசுவால் ஒற்றாதீர்கள், நூல் ஊசியில் மாட்டும். ஹெயார் ட்ரையரைக் குறைந்த சூட்டில், கொஞ்சம் தள்ளிப் பிடித்து உலர்த்துங்கள்.

படம் வரவில்லை, அல்லது கீபோர்ட் விட்டுவிட்டு வேலை செய்கிறது

கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றிச் சிலொட்டைப் பாருங்கள். கிண்ணத்திலிருந்து வழிந்த நீர் போர்ட் நிற்கும் சாய்வைப் பொறுத்து அங்கே போய்ச் சேரும். யூஎஸ்பி வாய்களும் அப்படியே. இவை உலர்த்தினால் பெரும்பாலும் திரும்பி வரும்.

போர்ட்டின் பின்பக்கம் வெண்பனி

முன்பக்கம் அழகாக மூடிவிட்டுப் பின்பக்கத்தை மறப்பது வழமை. சொக்கெட்டின் நேர் பின்னால் உள்ள பகுதி முன்பக்கம் அளவுக்கே குளிரும். அங்கேயும் வாசலின், அதன்மேல் நுரைத் தகடு, அதன்மேல் பின்தட்டு என்று இடைவெளியில்லாமல் வர வேண்டும்.

எல்லாம் மூடியும் நாலு மூலையில் மட்டும் பனிப்பூ பூக்கிறதா? அது கிண்ணத்தைப் பிடிக்கும் ஆணிகள். உலோக ஆணி கிண்ணத்திலிருந்து குளிரை நேராகப் போர்ட்டின் மறுபக்கத்துக்குக் கடத்துகிறது. ஆணித் துளைக்குள் வாசலின் நிரப்பி, ஆணியைச் சுற்றி நுரைக் குழாய்த் துண்டொன்றை மாட்டி, நட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் வோஷர் போடுங்கள்.

ஃபேன் விஷயத்தில் எல்லோரும் ஒரே மாதிரிச் சொல்வதில்லை. போர்ட்டின் மேற்பரப்பை அறை வெப்பத்துக்குக் கிட்ட வைத்திருக்க ஃபேன் நல்லது. ஆனால் அதே ஃபேன் கிண்ணத்தை நோக்கி ஊதினால் புதிய ஈரத்தை இடைவிடாமல் கொண்டுவந்து கொட்டும். கொதிக்கும் நைட்ரஜனிலிருந்து வழியும் வாயு உலர்ந்தது, கிண்ணத்தைச் சுற்றி அது நிற்பது நமக்கு லாபம். ஆகவே ரேமுக்கும் மின்சாரப் பகுதிக்கும் மேலாக, கிண்ணத்தைத் தொடாமல் பக்கவாட்டில் ஊத விடுங்கள்.

தலை கிறுகிறுக்கிறது

இந்த அறிகுறி உங்களுடையது, போர்ட்டுடையதல்ல. உடனே வெளியே போங்கள், மற்றதெல்லாம் பிறகு.

ஈரத்துக்குப் பயந்து கதவு ஜன்னலைச் சாத்தும் பழக்கம் எங்களுக்கு வந்துவிடும். ஒரு லீற்றர் திரவ நைட்ரஜன் ஏறக்குறைய 700 லீற்றர் வாயுவாக விரியும். பத்தடி அறையில் 5 லீற்றர் ஊற்றினால் அறைக் காற்றில் எட்டில் ஒரு பங்கு நைட்ரஜனால் தள்ளப்படுகிறது; 21 சதவீதமாக இருந்த ஒட்சிசன் 18.5க்குக் கிட்ட வரும். 19.5க்குக் கீழேயே ஆபத்து வலயம். நைட்ரஜனுக்கு மணமில்லை, மூச்சு முட்டும் உணர்வும் வராது. கிறுகிறுப்பு வந்தால் அதிர்ஷ்டம், பலருக்கு அதுவும் வராமலே நினைவு தப்பும். உலர் பனிக்கட்டி என்றால் வெளிவருவது கரியமில வாயு, அது காற்றை விடப் பாரம், தரையோடு தேங்கும். கீழே சின்னப் பிள்ளைகளோ நாயோ இருக்கக்கூடாது. மீன் ஏற்றும் ரெஜிபோம் பெட்டி உலர் பனிக்கட்டி வைக்க நல்லதுதான், ஆனால் மூடியை ரேப் போட்டு ஒட்டக்கூடாது, அமுக்கம் ஏறி வெடிக்கும்.

ஏசியைப் போட்டு அறையை உலர்த்துவதை முன்கூட்டியே செய்யுங்கள். ஊற்றத் தொடங்கியதும் கதவைத் திறந்து வையுங்கள், வாசலில் இன்னொருவர் நிற்கட்டும். திறந்த கதவால் ஈரம் வரும் என்பது உண்மை. அதைத் தாங்கத்தான் இவ்வளவு காப்பும்.

பூசிய கோட்டிங் பால் நிறமாகிவிட்டது

போர்ட்டின்மேல் அக்ரிலிக் பாதுகாப்புப் பூச்சு அடித்துக் காய்ந்ததும் கண்ணாடி போல இருக்க வேண்டும். மங்கலாக, வெளிறிப் போயிருந்தால் அடிக்கும்போதே ஈரம் உள்ளே அகப்பட்டுவிட்டது. பூச்சிலுள்ள கரைப்பான் ஆவியாகும்போது பரப்பைக் குளிர்த்தும். எங்கள் காற்றில் அந்தக் கொஞ்சக் குளிரே பனிபடுநிலைக்குக் கீழே போகப் போதும். வாடைக் காலத்தில் ஜன்னலைத் திறந்துவைத்து அடித்தால் இது நிச்சயம் நடக்கும். அந்தப் பூச்சுக்குரிய கரைப்பானால் நீக்கிவிட்டுத் திரும்ப அடியுங்கள். முதலில் ஏசி அறையில் போர்ட்டை இளஞ்சூடாக்கி, மெல்லிய படைகளாக, ஒன்று காய்ந்தபின் மற்றது. கடைசிப் படைக்குப் பிறகு ஒரு முழு நாள் விடுங்கள். சொக்கெட், ரேம் சிலொட், கார்டுச் சிலொட், மின் இணைப்புகள், பட்டரித் தட்டு, சுவிட்சுகள் எல்லாவற்றையும் ரேப்பால் மூடிய பிறகே ஸ்பிரேயைக் கையில் எடுக்க வேண்டும்.

ஓடும்போது ஒன்றுமில்லை, உருகும்போது செத்தது

நல்ல ஓட்டம் முடிந்த சந்தோஷத்தில் சாப்பிடப் போய்விடுகிறோம். மைனஸ் நூற்றில் இருந்த கிண்ணத்தின் பனி முழுவதும் அந்த நேரம் தண்ணீராகி இறங்குகிறது. உறைந்திருந்த வரைக்கும் பனி எங்கும் ஓடவில்லை, இப்போது ஓடும்.

முடிந்ததும் முதலில் சுவர் சுவிட்ச். அடுத்து, பனி பனியாக இருக்கும்போதே காய்ந்த தூரிகையால் தட்டி வெளியே தள்ளுங்கள். அந்த ஐந்து நிமிட வேலை போர்ட்டின் ஆயுளைத் தீர்மானிக்கும் என்றே சொல்வேன். டிசுக்களை எடுத்துவிட்டு, ரேம் சிலொட் மேற்பக்கம் வரும்படி போர்ட்டை நிமிர்த்திச் சாய்த்து வையுங்கள், வழியும் நீர் சிலொட்டுக்குள் போகாது. கிண்ணத்தின் உட்புறத்தை ஹெயார் ட்ரையரால் சூடாக்கி, அது அறை வெப்பத்துக்கு வந்த பிறகு கழற்றுங்கள். நுரைத் தகட்டையும் அழிறப்பரையும் அகற்றி, ஏசி அறையில் ஃபேனுக்கு முன்னால் ஒரு நாள் முழுக்க விட வேண்டும். முற்றத்து வெயிலில் வைக்காதீர்கள், கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து படியவிடும். அரிசிக்குள் புதைப்பதால் பலன் இல்லை, தூசிதான் ஏறும்.

சில கிழமைகளுக்குப் பிறகு வெள்ளையாகவோ பச்சையாகவோ பூக்கிறது

காற்றிலிருந்து ஒடுங்கிய நீர் அவ்வளவாக மின்சாரம் கடத்தாது. போர்ட்டில் ஏற்கெனவே படிந்திருக்கும் தூசும் உப்பும்தான் அதைக் கடத்தியாக்குகின்றன. உட்துறைமுக வீதிப் பக்கமோ நிலாவெளியிலோ ஜன்னல் கம்பியில் கறள் ஏறும் வேகத்தைப் பார்த்தவருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. மேசையில் சும்மா கிடக்கும் போர்ட்டிலும் அதே உப்பு படிகிறது. கழுவாமல் அதன்மேல் கோட்டிங் அடித்தால் உப்பைப் பூட்டி வைத்ததாகிவிடும். அது பூச்சினூடாகவே ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பூச்சு கொப்புளம் போல எழும்பும், அடியில் செம்பு பச்சையாகும். எந்தக் காப்பையும் தொடங்கும் முன் 99 சதவீத ஐசோபுரோபைல் அல்ககோலால், மென்மையான பல் தூரிகை கொண்டு போர்ட்டைக் கழுவி உலர்த்துங்கள்.

பூத்துவிட்ட போர்ட்டுக்கும் மருந்து அதேதான். ஆனால் வாசலின் அல்ககோலில் கரையாது. முதலில் அதைத் துணியாலும் பஞ்சுக் குச்சியாலும் துடைத்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அல்ககோல் அதன்மேலே வழுக்கிக்கொண்டு போகும். கண்ணாடி வைத்து ஆணித் துளைகளின் ஓரத்தையும் கோட்டிங் முடியும் கரையையும் பாருங்கள். அரிப்பு தொடங்குவது அங்கேதான்.

மின்சாரம் கொடுக்க முதல் மல்டிமீற்றரை எடுங்கள். 24 ஊசி இணைப்பில் 12, 5, 3.3 வோல்ட் வழிகள் ஒவ்வொன்றுக்கும் தரைக்கும் இடையில் தடையை அளவுங்கள். கிட்டத்தட்டப் பூச்சியம் காட்டினால் எங்கோ குறுக்குச்சுற்று இருக்கிறது, போர்ட்டை எழுப்ப முயலாதீர்கள். சிப்புக்கு மின்சாரம் கொடுக்கும் சுருள்களில் மட்டும் ஒரு சில ஓம், சில சிப்புகளில் அதிலும் குறைவாகக் காட்டும். அது இயல்பு, அதைப் பார்த்துப் போர்ட்டைத் தூக்கி எறிய வேண்டாம். எல்லாம் சரியாக இருந்தால் சாதாரண கூலரும் ஒரே ஒரு ரேமும் மட்டும் போட்டு, ஓவர்கிளொக் எதுவும் இல்லாமல் ஒரு நாள் ஓட விடுங்கள். பிறகு ரேமை ஒவ்வொரு சிலொட்டாக மாற்றிப் பாருங்கள். எந்தச் சிலொட் தடுமாறுகிறதோ, அடுத்த முறை காப்பை அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.